க்ளைட் ஹென்ஸ்லியிடம் இல்லாத துப்பாக்கி

ராய்ஸ் கிலியம் தன்னுடைய இடது கால் சுண்டுவிரலைத் தானே சுட்டுக்கொண்ட அன்றைக்கு க்ளைட் ஹென்ஸ்லியின் கெட்ட காலம் ஆரம்பித்தது. சுட்டவனுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிடில் வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்த க்ளைட்டின் தலையில்தான் எல்லாம் வந்து விடிந்தது.

பிடில் பெட்டியில் பிசின்கட்டியை வைப்பதற்கென்று மூடி போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. ராய்ஸ் தன் கைத்துப்பாக்கியை அதில்தான் வைத்திருப்பான். அளவெடுத்துச் செய்தமாதிரி அது உள்ளே பொருந்துகிறது என்று எல்லோரிடமும் திறந்து காட்டுவான். லாரல் ஃபோர்க் மலையிசை மன்றத்தில் சனிக்கிழமை ஆறு மணி நிகழ்ச்சிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஒப்பனை அறையில் யாருடனோ பேசிக்கொண்டே பிசினை எடுக்கக் கைவிட்டான். சுண்டுவிரலைக் கொண்டுபோன குண்டு, பர்ல் ரேட்லிஃபின் பெரிய பாஸ் வாத்தியத்தின் வயிற்றில் ஒரு ஓட்டை போட்டு, அந்தப் பக்கம் வெளியேறி, இனிப்புத் தேநீர் ஜாடியில் போய் அமைதியடைந்தது.

இந்த இடத்தில் வேறு ஒருவனாக இருந்தால் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போயிருப்பான். ராய்ஸ் காலில் துண்டைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி மேடையேறி மூன்று பாட்டு வாசித்தான். நான்கு பள்ளத்தாக்குகளுக்கு வானொலியில் போகிற நிகழ்ச்சி அது. கூட்டம் எழுந்து நின்று தட்டியது. பத்தொன்பது வருடமாக அந்த மேடையில் ஒரு சுருதி பிசகாமல் வாசித்த க்ளைட்டுக்கு ஒரு நாளும் யாரும் எழுந்து நின்றதில்லை. கழிப்பறைக்குப் போக எழுந்தவர்களை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

மன்றத்தின் தலைவர் கர்னல் டாலிவர். அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. கென்டக்கியில் ஆளுநருக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கர்னல் ஆக்கிவிடுவார். டாலிவர் பல் மருத்துவர். ஆளுநருடைய அத்தைக்குப் பல்செட் கட்டியவர். ஓட்டை விழுந்த பாஸைச் சுவரில் மாட்டி, அதன் கீழே நின்று அவர் பேசினார்.

"சகோதர சகோதரிகளே, துப்பாக்கி மேல எந்தத் தப்பும் இல்ல. அது அது பாட்டுக்குப் படுத்திருந்துச்சு. ராய்ஸ் மேலயும் தப்பு இல்ல. ஏன், விரல் மேலகூட நான் குத்தம் சொல்ல மாட்டேன், இருந்தாலும் அது கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம். நமக்குத் தேவை பாதுகாப்பு. பாதுகாப்பைப் பத்தி அனுபவத்தோட பேசுறதுக்கு இந்த மாவட்டத்துல இன்னிக்கி ஒருத்தன்தான் இருக்கான். அவன் விரலே அதுக்கு சாட்சி. விரல் இல்லாததுதான் சாட்சி."

அன்றைக்கே இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, 'பாதுகாப்பான கலைஞர்' என்ற சான்றிதழ் இல்லாத யாரும் இனி மேடையேறக் கூடாது. இரண்டு, ராய்ஸ் கிலியம் மன்றத்தின் பாதுகாப்புத் தூதர்; துப்பாக்கி இனிமேல் பெட்டியில் அல்ல, அவன் இடுப்பில். தூதருக்கு மேடையில் நடுவிடம் தரவேண்டும் என்பதால், பாட்டுக்காரியின் இடப்பக்கம், மைக்குக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிற இடம் அவனுக்கு ஒதுக்கப்பட்டது.

பத்தொன்பது வருடமாக அது க்ளைட்டின் இடம். பாட்டுக்காரி ஓபல் அவனுடைய மனைவி.

*

ஓபலுக்கு இடது காது மடலில் ஒரு சிறு துண்டு இருக்காது. அவளுக்குப் பதினோரு வயதில், சித்தப்பா வீட்டில் பாட்டுக்காகக் கூடி உட்கார்ந்திருந்தபோது, பாஞ்சோ வாசிக்கிறவன் ஒருவன் கம்பியை முறுக்கக் குனிந்தான். சட்டைப் பையிலிருந்து கைத்துப்பாக்கி விழுந்து வெடித்தது. இன்னும் இரண்டு விரல்கடை உள்ளே வந்திருந்தால் க்ளைட் வேறு யாரையாவது கட்டியிருக்க வேண்டும். அவள் அவனைக் கட்டிக்கொண்டபோது போட்ட ஒரே நிபந்தனை, வீட்டுக்குள் துப்பாக்கி வரக் கூடாது என்பது.

க்ளைட்டுக்கு அது கஷ்டமாக இல்லை. அவனிடம் துப்பாக்கி இல்லை. அப்பா விட்டுப்போன ஒரே இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பதினாறு வயதில், நீதிமன்ற வாசலில் கூடும் பண்டமாற்றுச் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போய், இந்தப் பிடிலுக்கு மாற்றிக்கொண்டு வந்தவன் அவன். கொடுத்தவன் ஏமாந்தானா வாங்கியவன் ஏமாந்தானா என்று ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு.

இப்போது சான்றிதழ் கிடைக்கும்வரை க்ளைட் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து மனைவி பாடுவதைக் கேட்கவேண்டியதாயிற்று. கேட்டான் என்று சொல்வது மரியாதைக்குத்தான். பார்த்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான்.

முதல் சனிக்கிழமையே அவனுக்குச் சந்தேகம் பற்றிக்கொண்டது. பாட்டு தொடங்கும் முன் ஓபல் தலையைத் திருப்பி ராய்ஸைப் பார்த்தாள். முகத்தை அல்ல, இடுப்பை. மெதுவாக, மேலிருந்து கீழே, ஒரு பார்வை. பிறகு அவன் பக்கம் சாய்ந்து, மைக்கில் விழாமல் ஏதோ சொன்னாள். அவளுடைய உதடு இரண்டு தடவை குவிந்தது. ராய்ஸ் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

அடுத்த சனிக்கிழமையும் அதே பார்வை, அதே குவியல், அதே தலையாட்டல். போதாததற்கு ஓபல் இடம் மாறி நின்றாள். எப்போதும் அந்தப் பின்னமான காதைக் க்ளைட் பக்கமாக வைத்துப் பாடுகிறவள், மைக்கைச் சுற்றிக்கொண்டு போய் ராய்ஸுக்கு வலது கன்னத்தைக் காட்டி நின்றாள். 'நல்ல பக்கத்தை அவனுக்குக் காட்டுறா, ஓட்டைக் காது எனக்கா?' என்று க்ளைட் மூன்றாம் வரிசையில் பல்லைக் கடித்தான். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளாவது அவள் தன் இடுப்பைத் திரும்பிப் பார்த்திருக்கிறாளா என்று யோசித்தான். பார்த்ததே இல்லை. துப்பாக்கியே ஆகாது என்கிறவள்தான், சந்தேகமில்லை. ஆனால் இனிப்பே தொட மாட்டேன் என்கிறவர்கள் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பதில்லையா?

வீட்டில் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று உதட்டை இரண்டு தடவை குவித்துப் பார்த்தான். எந்த வார்த்தையை வைத்துக் குவித்தாலும் அவனுக்குப் பிடித்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

இந்த மாதிரி வயிற்றெரிச்சல்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கேட்கவேண்டியதை மட்டும் கேட்க மாட்டார்கள்.

"ராய்ஸ் எப்படி வாசிக்கிறான்?" என்றான் சாப்பாட்டு மேசையில், சோளரொட்டியைப் பீன்ஸில் பிய்த்துப் போட்டுக்கொண்டே.

"வாசிக்கிறான்."

"என்னைவிட நல்லாவா?"

"அவன் பக்கத்துல நின்னா எனக்கு வேர்த்துடுது க்ளைட். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

க்ளைட் மிச்ச ரொட்டியைத் தட்டில் வைத்தான். ஓபல் அவன் கையைத் தொட்டாள். "சீக்கிரம் அந்த சர்டிஃபிகேட்ட வாங்கிட்டு வந்து நில்லு. ஆனா அதுக்காகத் துப்பாக்கி கிப்பாக்கின்னு வீட்டுக்குள்ள கொண்டாந்துடாத. சொல்லிட்டேன்."

*

சான்றிதழுக்கு முதல் படி ஒரு படிவம். 'துப்பாக்கி குறித்துத் தங்கள் மனப்பான்மை' என்று தலைப்பு. மூன்று பிரதி. மன்றத்தின் செயலாளர் மிஸ் வெல்டா அதைத் தானே உட்கார்ந்து தட்டச்சு செய்திருந்தாள். அரசாங்கம் துப்பாக்கிக் கணக்குக் கேட்டால் உயிரை விடுவோம் என்று வண்டிகளின் பின்னால் எழுதி ஒட்டியிருந்த அத்தனை கலைஞர்களும், வண்டியின் பின்பக்கத்திலேயே படிவத்தை வைத்து வரிசையாக நிரப்பிக் கொடுத்தார்கள்.

எல்லோருக்கும் ஒரு மனப்பான்மை இருந்தது. பர்ல், பாஸைத் திருட வருகிறவனைச் சுட வைத்திருப்பதாக எழுதினான். பாஸ் பசுமாட்டளவு இருக்கும். அதைத் திருட நினைக்கிறவனைச் சுடுவதைவிட அவனுக்கு ஒரு கை கொடுப்பதுதான் நியாயம். டல்சிமர் என்கிற கம்பி வாத்தியம் வாசிக்கிற மாடி என்ற கிழவி, கைப்பையில் இருமல் மிட்டாயோடு சேர்த்து வைத்திருப்பதாகவும், ஒருமுறை தவறிப்போய்க் குண்டு ஒன்றை முழுப் பிரசங்கமும் முடியும்வரை சப்பியதாகவும், தொண்டைக்கு இதமாகத்தான் இருந்தது என்றும் எழுதினாள். இரண்டு பேருக்கும் அன்று மாலையே சான்றிதழ் கிடைத்துவிட்டது.

க்ளைட் முதல் கேள்வியிலேயே நின்றான். 'தங்களிடம் எத்தனை துப்பாக்கி? (அ) ஒன்று முதல் ஐந்து. (ஆ) ஆறு முதல் பதினைந்து. (இ) எண்ணிப் பார்க்க நேரமில்லை.'

"மிஸ் வெல்டா, இதுல எனக்குப் பொருந்துறது இல்லையே."

"பதினஞ்சுக்கு மேலயா? அப்போ இ போடு கண்ணு."

"ஒண்ணுமே இல்ல."

மிஸ் வெல்டா கண்ணாடியைக் கழற்றினாள். தன் உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று அவன் சொன்னமாதிரி அவனைப் பார்த்தாள். "ஒண்ணுமே இல்லையா? ஏன், எங்க வச்சன்னு மறந்துட்டியா?"

"இல்ல, வாங்கினதே இல்ல."

"அப்படி எழுத எடம் இல்லையே கண்ணு. எடம் இல்லாததை நான் எப்படிப் பதிவு பண்றது? ஒண்ணுன்னு போட்டுக்கறேன். குறைஞ்சது அதுதான் இருக்கு."

இப்படியாக, க்ளைட் ஹென்ஸ்லிக்கு மன்றத்தின் ஏட்டில் ஒரு துப்பாக்கி பிறந்தது.

இரண்டாம் படி வகுப்பு. வகுப்பெடுத்தவன் தூதர் ராய்ஸ். ஒன்பது கலைஞர்கள் மடியில் துப்பாக்கியோடு வட்டமாக உட்கார்ந்தார்கள். க்ளைட் மடியில் பிடிலோடு உட்கார்ந்தான்.

"முதல் விதி," என்றான் ராய்ஸ், நொண்டிக் காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்து. "எல்லாத் துப்பாக்கியும் குண்டு போட்டதுன்னே நெனைக்கணும். எல்லாம்னா எல்லாந்தான். காலியா இருக்குன்னு எவன் சொன்னாலும் நம்பக் கூடாது. இந்தா, இது காலி, நம்பலாம், நான் பாத்துட்டேன். க்ளைட் அண்ணே, உங்களோடத காட்டுங்க."

"என்கிட்ட இல்ல ராய்ஸ். உனக்கே தெரியும்."

"இல்லன்னா காலின்னு எப்படி நம்புறது? விதி விதிதான். மிஸ் வெல்டா, அண்ணனோடது குண்டு போட்டதுன்னு எழுதிக்குங்க."

மிஸ் வெல்டா எழுதினாள்.

"ரெண்டாவது விதி. துப்பாக்கி எங்க இருக்குன்னு எப்பவும் தெரிஞ்சிருக்கணும். எங்க இருக்கு அண்ணே?"

"எங்கயும் இல்ல!"

"இருக்குற எடம் தெரியல. மூணாவது, விசையைப் பூட்டி வச்சிருக்கணும். பூட்டியிருக்கா?"

"எதைடா பூட்டுறது?"

"பூட்டல," என்றான் ராய்ஸ் வருத்தத்தோடு. குனிந்து க்ளைட்டின் தோளைத் தட்டினான். "மனசு விட்டுடாதீங்க அண்ணே. ஓபல் அக்காவ நான் பாத்துக்கறேன். மேடையில சொல்றேன்."

இவனுக்கு ஒரே ஒரு விரல்தானா போகவேண்டும் என்று க்ளைட் மனசார நினைத்தான்.

*

அடுத்த சனிக்கிழமை நிகழ்ச்சி நடுவில் கர்னலே மைக்குக்கு வந்து வானொலியில் அறிவித்தார்: சகோதரர் ஹென்ஸ்லிக்குச் சொந்தமான துப்பாக்கி ஒன்று, குண்டு நிரப்பிய நிலையில், பூட்டப்படாமல், எங்கேயென்று தெரியாமல் மாவட்டத்தில் இருக்கிறது, யாரும் பதற வேண்டாம், குழந்தைகளை மட்டும் வெளியே விட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அந்தத் துப்பாக்கிக்காக ஜெபம் நடந்தது. செவ்வாய்க்குள் மூன்று பேர் அதைப் பார்த்துவிட்டார்கள். ஓடைப் பாலத்துக்குக் கீழே என்றான் ஒருவன். நீளமான குழல் என்றாள் ஒருத்தி. இல்லை, குட்டையானது, முத்துப் பிடி போட்டது என்று அவளுடைய மைத்துனி சண்டைக்கு நின்றாள். மளிகைக் கடையில் க்ளைட் பால் வாங்கப் போனால் ஜனங்கள் ரொட்டி அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். அதில் ஒரு சின்ன மரியாதையும் கலந்திருந்ததை அவன் கவனிக்காமல் இல்லை. கடைக்காரன் முதல்முறையாக அவனை 'சார்' என்று கூப்பிட்டான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் க்ளைட் அந்த 'சாரை' நினைத்துக்கொண்டே போனான்.

மன்றம் மூன்றாம் படிக்கு வந்தது. நான்கு ஆட்கள் ஒரு இரும்புப் பெட்டகத்தைத் தூக்கிவந்து, ஓபலின் தையல் மெஷினை வராந்தாவுக்குத் தள்ளிவிட்டு, படுக்கையறையில் வைத்தார்கள். மறுநாள் கர்னலும் மிஸ் வெல்டாவும் சோதனைக்கு வந்தார்கள். பெட்டகத்தைத் திறந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை.

கர்னல் தொப்பியைக் கழற்றினார். "க்ளைட், நீ இதுல வைக்கலன்னா வேற எங்க வச்சிருக்க?"

"கர்னல் ஐயா, ஒரு நிமிஷம் கேளுங்க. துப்பாக்கி இல்லாத வீட்டைவிடப் பாதுகாப்பான வீடு உண்டா? என் கையால யாருக்கு என்ன ஆகும்? முதல் சான்றிதழே எனக்குல்ல குடுத்திருக்கணும்?"

கர்னல் கட்டிலில் உட்கார்ந்தார். நோயாளிக்குப் பல்லைப் பிடுங்கவேண்டும் என்று சொல்லும்போது வருகிற கனிவு அவர் குரலில் வந்தது. "தம்பி, தண்ணிக்குள்ள இறங்காதவன் முங்கல. அதுக்காக அவனை நீச்சல்காரன்னு சொல்ல முடியுமா? பாதுகாப்புன்னா ஆபத்து வேணும். ஆபத்தே இல்லன்னா நாங்க எதைப் பாதுகாக்குறது? எங்களுக்கு ஒரு குழு இருக்கு, தூதர் இருக்கான், மிஸ் வெல்டாவுக்கு ஒரு அலமாரி வாங்கியிருக்கோம். எல்லாரும் உன்ன மாதிரி ஆயிட்டா மன்றத்தோட பாதுகாப்புத் திட்டம் என்ன ஆகுறது? அதை யோசிச்சியா?"

"அரசாங்கம் வந்து இப்படிப் பெட்டியைத் திறந்து பார்த்தா விடுவீங்களா ஐயா?"

"வாசல்லயே சுட்டுடுவேன்," என்றார் கர்னல். "அது கொடுங்கோன்மை. இது குடும்பம்."

மிஸ் வெல்டா எழுதிக்கொண்டாள்: பெட்டகத்தில் இல்லை, எனவே ஆள்மேல் இருக்கிறது.

அவர்கள் போனதும் ஓபல் பெட்டகத்துக்குள் தன் தையல் துணிகளை மடித்து வைத்தாள். "போகட்டும் விடு. நீ மேடைக்கு வரலன்னா நானும் வரல. ரெண்டு பேரும் வீட்டுலயே பாடுவோம். அடுப்புல இருக்குற பீன்ஸ் கேட்டுக்கட்டும்."

இதைக் கேட்டுக் க்ளைட் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். 'பிடிபட்டுவிட்டோம் என்று தெரிந்து விலகப் பார்க்கிறாள்' என்று நினைத்தான். "வேணாம், நீ போய்ப் பாடு," என்றான். அவள் எதைப் பார்க்கிறாள், என்ன சொல்கிறாள் என்று கண்டுபிடிக்காமல் அவனுக்கு இனிமேல் தூக்கம் வராது.

*

மன்றத்தின் முதலாவது வருடாந்திரப் பாதுகாப்பு விழா வந்தது. மேடைக்கு மேலே புதுப் பலகை ஒன்று மாட்டியிருந்தார்கள்: 'இம்மன்றத்தில் கடைசியாகக் குண்டு வெடித்து 113 நாட்கள்.' எண்கள் மரத்தில் செதுக்கி ஆணியில் தொங்கின. கீழே வறுத்த ஆப்பிள் பணியாரமும் தேநீரும். மூன்றாம் வரிசையில் க்ளைட், மடியில் பிடில் பெட்டி. அவனைச் சுற்றி மூன்று நாற்காலி காலி. அவனுடைய துப்பாக்கிக்கு மக்கள் தந்த மரியாதை அது.

ஓபல் மேடைக்கு வந்தாள். ராய்ஸின் இடுப்பைப் பார்த்தாள். உதடு இரண்டு தடவை குவிந்தது. ராய்ஸ் தலையாட்டினான். க்ளைட்டின் கை பெட்டியின் பூட்டை நெரித்தது.

பாட்டுக்கு முன்னால் தூதரின் செயல்விளக்கம். ராய்ஸ் தன் கைத்துப்பாக்கியை உயரத் தூக்கிக் காட்டினான். அதன் குழலில் மிஸ் வெல்டா கையெழுத்துப் போட்ட சீட்டு ஒட்டியிருந்தது: 'காலி. சோதிக்கப்பட்டது.'

"இப்போ பாருங்க, காலியான துப்பாக்கியைக்கூட நாம எப்படி மேல பாத்து..."

வெடித்தது.

மொத்தக் கூட்டமும் தரையில் கிடந்தது. க்ளைட் தலைநிமிர்ந்தபோது பலகையில் 113 என்பதில் ஒன்றும் ஒன்றும் போய், 3 மட்டும் ஒரு ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அடி இல்லை. ஓபல் சுவரோரம் ஒட்டி, இரண்டு கையாலும் இடது காதைப் பொத்திக்கொண்டு, வெளுத்துப்போய் ராய்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'அவனுக்கு என்ன ஆச்சோன்னு பதறுறா பாரு' என்று நினைத்தான் க்ளைட்.

நிகழ்ச்சி வானொலியில் போய்க்கொண்டிருந்ததால் விசாரணையும் வானொலியிலேயே நடந்தது. கர்னல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மைக்கைப் பிடித்தார்.

"யாரும் அவசரப்பட்டு முடிவுக்கு வரக் கூடாது. ராய்ஸோட துப்பாக்கி காலின்னு மன்றம் சான்று குடுத்திருக்கு. காலித் துப்பாக்கி வெடிக்காது, அது அறிவியல். இங்க இருக்குற மத்த எல்லாத் துப்பாக்கிக்கும் சான்றிதழ் இருக்கு. அப்போ இந்தக் கூடத்துல குண்டு போட்டதுன்னு பதிவான துப்பாக்கி ஒண்ணே ஒண்ணுதான்."

எல்லாத் தலையும் மூன்றாம் வரிசைக்குத் திரும்பியது.

"இல்லைங்க ஐயா, எல்லாரும் பாத்தோமே, ராய்ஸ் கையில..."

கர்னல் மேடையிலிருந்து இறங்கி வந்து, அவன் தோளில் கைபோட்டுக் காதோடு பேசினார். "க்ளைட், கொஞ்சம் மூளையை உபயோகி. விபத்து நடந்தவனுக்குத்தான் அனுபவம். அனுபவம் இருக்குறவன்தான் தூதர். தூதருக்கு எந்த இடம்னு உனக்கே தெரியும். ராய்ஸோட விரல் பழசாயிடுச்சு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, இன்னிக்கே உன் பெண்டாட்டி பக்கத்துல நில்லு."

க்ளைட் மேடையைப் பார்த்தான். ஓபல் இப்போது அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையசைத்தாள். அவளுக்கு ஒரு முழம் தள்ளி ராய்ஸ், க்ளைட்டின் இடத்தில், அந்த இடுப்போடு நின்றுகொண்டிருந்தான்.

"ஆமா," என்றான் க்ளைட். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "என்னோடதுதான் வெடிச்சது."

கூட்டம் எழுந்து நின்றது. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு, முதல்முறையாக, அவனுக்காக. கடைக்காரன் நாற்காலிமேல் ஏறி நின்று தட்டினான்.

"பொய்!" என்று கத்தினான் ராய்ஸ். அழுதுவிடுவான்போல இருந்தது. "நான்தான் சுட்டேன்! எல்லாரும் பாத்தீங்கல்ல? இது என் குண்டு கர்னல் ஐயா! இன்னும் சூடா இருக்கு, தொட்டுப் பாருங்க!"

"பெருமைக்காகப் பொய் சொல்லாத ராய்ஸ்," என்றார் கர்னல் வருத்தத்தோடு. "உன்னோடது காலி. சீட்டு ஒட்டியிருக்கு."

மிஸ் வெல்டா அங்கேயே சான்றிதழை எழுதி முத்திரை குத்தினாள். தூதர் துப்பாக்கி இல்லாமல் மேடையில் நிற்பது மன்றத்துக்குக் கேவலம் என்பதால், கர்னல் தன் சொந்த இடுப்புவாரை அவிழ்த்து, உறையும் துப்பாக்கியுமாகக் க்ளைட்டின் இடுப்பில் தன் கையாலேயே கட்டிவிட்டார். அது அவன் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. நடக்கும்போது தொடையில் இடித்தது. மூன்றாம் வரிசையில், அவன் எழுந்துவந்த நாற்காலியில் ராய்ஸ் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மேடையைப் பார்க்க ஆரம்பித்தான்.

க்ளைட் படியேறி, மைக்குக்கு ஒரு முழம் தள்ளி, தன் இடத்தில் நின்றான். பிடிலைத் தோளில் வைத்தான். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தான்.

ஓபல் தலையைத் திருப்பினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் இடுப்பைப் பார்த்தாள். மெதுவாக, மேலிருந்து கீழே, எத்தனையோ சனிக்கிழமை அவன் ஏங்கி வெந்த அதே பார்வை. கிட்டத்தில் பார்த்தபோது அதில் கொஞ்சமும் ஆசை இல்லை. அவள் மேலுதட்டில் வேர்வை துளிர்த்திருந்தது. மைக்கில் விழாமல் அவன் பக்கம் சாய்ந்தாள். உதடு இரண்டு தடவை குவிந்தது.

"பூட்டு போட்டிருக்கியா, க்ளைட்?"

அவனுக்குத் தெரியாது. அவன் தலையாட்டினான்.

ஓபல் தலைமுடியை இழுத்து இடது காதை மூடிக்கொண்டாள். பிறகு மைக்கைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்று, பாட ஆரம்பித்தாள்.